குடும்பமும் பாய்மரமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு வரும் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறேன். சென்ற வாரம் இணையத்தில் ஓர் அமெரிக்க வங்கியாளரின் இரங்கல் குறிப்பு கண்ணில் பட்டது. பெரிய புள்ளியெல்லாம் இல்லை. வங்கி வேலையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு குடும்பமும் பாய்மரப் படகுமாக வாழ்ந்தவர் என்று முடித்திருந்தார்கள். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அவ்வளவு வருடம் உழைத்ததற்கு ஒரு வரிதானா? எனக்கோ படகும் கிடையாது. என் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் நான் பெரும்பாலும் வெளியூர்க் கிளைகளில் இருந்தேன். வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பதைத் தாண்டிப் படகில் என்ன இருக்கிறது? இந்த வயதில் அதைக் கற்றுக்கொள்ளத்தான் முடியுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே. அவர்களுக்கு,

அந்தக் குறிப்பு உங்களுக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. எனக்கு அது நல்ல வாழ்க்கை என்றே தோன்றுகிறது. குடும்பத்தார் எழுதும் இரங்கல் குறிப்பில் எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். பதவி உயர்வையோ வாராக்கடனை வசூலித்ததையோ பிள்ளைகள் எழுதுவதில்லை, அப்பாவோடு சேர்ந்து எதைச் செய்தோமோ அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வங்கி, குடும்பம், பாய்மரம் மூன்றும் சேர்ந்த இன்னொரு வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், அதை வைத்துப் பேசுகிறேன். எண்ணெய்த் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்த வங்கியாளர் டேவிட் ராக்ஃபெல்லர். பெயரைக் கேட்டதும் கோடீஸ்வரர் கதை நமக்கெதற்கு என்று மூடிவிடாதீர்கள். பணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உங்கள் கேள்விகள் எல்லாம் அங்கேயும் இருக்கின்றன.

1915-இல் பிறந்தவர், 1946-இல் நியூயார்க்கின் சேஸ் வங்கியின் வெளிநாட்டுப் பிரிவில் உதவி மேலாளராகச் சேர்ந்து, தலைவராகி, 1981-இல் ஓய்வு பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் கால் வைக்காத தேசம் குறைவு. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள். 1973-இல் பெய்ஜிங் போய் சீனப் பிரதமர் சோ என்லாயைச் சந்தித்தார், அதே வருடம் மாஸ்கோவில் கார்ல் மார்க்ஸ் சதுக்கத்தில் வங்கிக்கு அலுவலகம் திறந்தார். சந்தித்தவர்களைப் பற்றி அவர் வைத்திருந்த குறிப்பு அட்டைகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் வீட்டில் ஆறு பிள்ளைகள். நீங்கள் வெளியூர்க் கிளைகளில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அவர் வெளிநாடுகளில் இருந்தார். 1960களின் கடைசியிலும் 70களிலும் பிள்ளைகளில் சிலர் அப்பாவின் வங்கியையும் அவருடைய அரசியலையும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் அது சின்ன விரிசல் இல்லை.

ஆனால் கோடை வந்தால் மெய்ன் மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலை, மவுண்ட் டெசர்ட் தீவில் சீல் ஹார்பர் என்கிற சின்ன ஊர். அந்தக் கடற்கரையை வரைபடத்தில் ஒருமுறை பாருங்கள். நம் கிழக்குக் கரை போல நீளமான மணல் கரை கிடையாது. பனிப்பாறைகள் அறுத்துப்போட்ட கிரானைட் பாறையும், அதன் விளிம்புவரை வந்து நிற்கும் ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரங்களும், 3000-க்கு மேல் தீவுகளும்தான். தண்ணீர் ஆடி மாதத்திலும் சில்லென்றிருக்கும், கடல் மட்டம் பத்தடிக்கு மேல் ஏறி இறங்கும், சிங்கி இறால் கூண்டுகளின் மிதவைகள் வண்ண வண்ணமாக எல்லா இடத்திலும், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி வந்து எதிரே இருக்கும் தீவை மறைத்துவிடும். டேவிட்டும் அவர் மனைவி பெக்கியும் இந்தக் கரையோரமாகத்தான் பாய்மரப் படகில் சுற்றினார்கள்.

படகில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் இல்லையா. முதலில், சும்மா உட்கார ஆளில்லை. சின்னப் பாய்மரப் படகில் ஒருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும், ஒருவர் பாயின் கயிற்றை இழுக்கவும் தளர்த்தவும் வேண்டும், பாறையையும் மிதவையையும் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அதன் சொல்லைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். காற்று வரும் திசைக்கே நேராகப் போக எந்தப் பாய்மரத்தாலும் முடியாது. ஏறக்குறைய 45 பாகை விலகி ஒரு பக்கமாகக் கொஞ்ச தூரம், பிறகு திருப்பி மறுபக்கமாகக் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் போக முடியும். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பாய் சடாரென்று மறுபக்கம் போகும், எல்லாரும் தலையைக் குனிந்து இடம் மாற வேண்டும். வங்கித் தலைவர் தலையைக் குனிய மறந்தாலும் அடி விழும். மேலதிகாரியாகவே இருந்து பழகிவிட்ட ஒரு மனிதருக்கு, தன் சொல் செல்லாத ஓர் இடத்தில் பிள்ளைகளோடு இருப்பது எவ்வளவு பெரிய நன்மை என்று யோசித்துப் பாருங்கள். பாதியில் எழுந்து போகவும் முடியாது, கரை சேரும்வரை கூடவேதான் இருந்தாக வேண்டும். கோபத்தோடு ஏறிய பெண்ணும் கயிற்றைப் பிடிக்கத்தான் வேண்டியிருக்கும்.

அப்புறம், டேவிட்டுக்குப் படகு ஆசை ஓய்வுபெற்ற பிறகு வந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர் வங்கி வேலையின் உச்சத்தில் இருந்த 1970-இல் நடந்தது. பல வருடம் படகிலிருந்து அந்தத் தீவுகளைப் பார்த்து வந்த பெக்கிக்கு, ஒவ்வொன்றாக விலைபோய் வீடுகள் முளைத்துவிடும் என்ற கவலை. அதே கரையில் படகு ஓட்டிய பாஸ்டன் தொழிலதிபர் தாமஸ் கேபட்டும் அவரும் சேர்ந்து மெய்ன் கோஸ்ட் ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் பத்திரத்தில் நிரந்தரமாக விட்டுக்கொடுத்துவிட வேண்டும், பின்னால் யார் வாங்கினாலும் அந்தப் பத்திரம் அவர்களையும் கட்டுப்படுத்தும். அடமானப் பத்திரங்களோடே காலம் கழித்த உங்களுக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகப் புரியும். இன்று 300-க்கும் மேற்பட்ட தீவுகள் முழுதாகவே அந்த அமைப்பால் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. படகில் போய்ப் பார்க்காதவருக்கு அந்தக் கவலை வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. மூத்த மகன் டேவிட், சின்ன வயதில் மெய்னில் படகு ஓட்டக் கற்றவர், 2004-இல் படகோட்டிகளைக் கொண்டே கடலைப் பாதுகாக்க செய்லர்ஸ் ஃபார் த ஸீ என்ற அமைப்பைத் தொடங்கினார். மருத்துவரான இளைய மகன் ரிச்சர்ட், அம்மா தொடங்கிய அமைப்புக்கே சில வருடம் தலைமை தாங்கினார்.

ஓய்வுக்குப் பின் டேவிட் ராக்ஃபெல்லர் இன்னும் 36 வருடம் இருந்தார். 1996-இல் பெக்கி இறந்துபோனார். 2014-இல் அப்பாவின் 99-வது பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு மறுநாள் காலை தானே விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பிய ரிச்சர்ட் விபத்தில் இறந்தார். அந்த வயதில் ஒரு தகப்பனுக்கு வரக்கூடாத செய்தி. அடுத்த வருடம், தன் நூறாவது பிறந்தநாளையொட்டி, சீல் ஹார்பரில் ஆயிரம் ஏக்கர் நிலத்தைப் பொதுமக்கள் நடமாடுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார். 2017-இல், 101 வயதில், தூக்கத்தில் காலமானார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வளர்ந்தபோது கூட இல்லை என்பது உங்களை உறுத்துகிறது, அது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஓய்வுபெற்ற மறுநாள் அவர்களை உட்காரவைத்துப் பேசி அதைச் சரிசெய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு கை தேவைப்படும் வேலை ஏதாவது ஒன்று வேண்டும். தோட்டமாக இருக்கலாம், பழைய ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டுவதாக இருக்கலாம். ஏப்ரல்வரை காத்திருக்காமல் இப்போதே, ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்குங்கள்.

படகேதான் வேண்டும் என்றால் அதுவும் முடியும், படகு வாங்கத் தேவையில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது. சின்னப் படகுகளில் புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள், கட்டணத்தையும் வகுப்பு நாட்களையும் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். அறுபது வயதில் முழங்காலும் இடுப்பும் ஒத்துழைக்குமா என்று ஒரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் திரும்பத் திரும்பக் குனிந்து இடம் மாற வேண்டிவரும். உயிர்காப்பு உடுப்பு போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும், இருந்தாலும் நீச்சல் தெரியாதென்றால் முதலில் அதைக் கற்றுக்கொண்டு போங்கள். வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் முன் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் வருகிறீர்களா என்று கேளுங்கள். ஒருவர் சரி என்றாலும் இரண்டு பேராகப் பெயர் கொடுங்கள்.