தண்ணீருக்கடியில் படமெடுக்கும் எஸ்.ஏ.எஸ். சோனார்: கேள்வி பதில்

கேள்வி (பர்கூர், பொறியியல் மாணவர்): அண்ணா, கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையின் அடித்தரையைப் படமெடுக்கணும். சைடு ஸ்கேன் சோனார் இருக்கும்போது சிந்தெடிக் அபெர்ச்சர் சோனார் (எஸ்.ஏ.எஸ்.) எதுக்கு?

பதில்: சோனார் என்பது ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துப் படமெடுப்பது. படகின் பக்கவாட்டில் பார்க்கும் சைடு ஸ்கேனில் தூரம் போகப் போகப் படம் மங்கும். 100 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மி.மீ. ஒரு மீட்டர் நீள ஏற்பி (எதிரொலியை வாங்கும் பகுதி) வைத்தாலும், 30 மீட்டர் தள்ளி 45 செ.மீ.க்கும் நெருக்கமாகக் கிடக்கும் இரண்டு கற்கள் ஒரே திட்டாகத்தான் விழும். எஸ்.ஏ.எஸ்.ஸில் படகு நகர நகர வரும் எதிரொலிகளை ஃபேஸோடு (அலை ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதோடு) பதிந்து, ஒரே நீண்ட ஏற்பி வாங்கியதுபோல் கூட்டுகிறோம். படகு போகும் திசையில் நுணுக்கம் (பிரித்துக் காட்டும் அளவு) டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் கருவி, நீளத்தில் பாதி: 10 செ.மீ.க்கு 5 செ.மீ. 30 மீட்டரிலும் அதேதான், 60 மீட்டரிலும் அதேதான். பக்கவாட்டு நுணுக்கம் சிர்ப்பை, அதாவது அதிர்வெண் மாறிக்கொண்டே போகும் ஒலித்துடிப்பைப் பொறுத்தது. 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்துக்கு 3.75 செ.மீ.

கேள்வி (அதே மாணவர்): படகு வேகம்?

பதில்: ஒரு பிங்குக்கும் (அனுப்பும் ஒலித்துடிப்பு) அடுத்ததுக்கும் நடுவே டிரான்ஸ்டியூசர் நீளத்தில் பாதி, அதாவது 5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. ஒலி 30 மீட்டர் போய்வர 40 மில்லிசெகண்ட். ஆக உச்சவரம்பு செகண்டுக்கு 1.25 மீட்டர். பாதி வேகத்தில் போங்கள். வரம்பை ஒட்டிப் போனால் ஒரே கல் இரண்டு மூன்று இடத்தில் பேய்போல் தெரியும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): ஆர்.டி.கே. ஜி.பி.எஸ். (இடத்தைச் செ.மீ. அளவில் சொல்லும் ஜி.பி.எஸ்.) போட்டும் படம் தேய்த்துவிட்டது மாதிரி வருகிறது. எங்கே தப்பு?

பதில்: எஸ்.ஏ.எஸ். கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 30 மீட்டரில் ஒரு புள்ளியைக் குவிக்க 4.5 மீட்டர் ஓட்டம் வேண்டும், செகண்டுக்கு 0.6 மீட்டரில் அது 7.5 செகண்ட். அத்தனை நேரமும் டிரான்ஸ்டியூசர் இருக்கும் இடம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 2 மி.மீ.க்குள், தெரிய வேண்டும். ஆர்.டி.கே. கொடுப்பதோ 1, 2 செ.மீ. அது மெதுவான நகர்வுக்கு மட்டும். வேகமான ஆட்டத்துக்கு ஐ.எம்.யூ. (முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் உணரி) சேருங்கள். ஜி.பி.எஸ். ஆன்டெனாவுக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் 2 மீட்டர் இடைவெளி இருந்தால், படகு 1 டிகிரி சாய்ந்தாலே 3.5 செ.மீ. பிழை. இடைவெளியை டேப்பால் அளந்து கணக்கில் ஏற்றுங்கள். டிரான்ஸ்டியூசரைத் தாங்கும் கம்பம் வளையாமல் முன்னும் பின்னும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். நேரமுத்திரை 10 மில்லிசெகண்ட் தவறினாலும் 6 மி.மீ. போய்விடும், ஆகவே ஜி.பி.எஸ். செகண்டுக்கு ஒருமுறை தரும் பி.பி.எஸ். சிக்னலில் எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் பூட்டுங்கள். மிச்சத்தை ஆட்டோஃபோகஸ் (எதிரொலித் தரவை வைத்தே படத்தைத் திருத்தும் மென்பொருள்) பார்த்துக்கொள்ளும்; அது மட்டுமே போதும் என்று இறங்காதீர்கள். முதலில் கரையில் 5 மீட்டர் ரெயில் போட்டு, அதன்மேல் நகர்த்தி எடுத்துப் பாருங்கள். அங்கே தெளிவாக வந்தால் குற்றம் மென்பொருளில் இல்லை.

கேள்வி (பென்னாகரம்): சார், ஒகேனக்கல்லில் மூழ்கியவரைத் தேட உதவுமா?

பதில்: அருவிக்குக் கீழே உதவாது. நுரையிலுள்ள காற்றுக்குமிழ்கள் ஒலியைச் சிதறடிக்கும். பரிசல் சுழலும், நேர்கோட்டு ஓட்டமே அமையாது. நீர் அடங்கிய மடுவில், முக்காலியில் அசையாமல் நிற்கும் சுழல் ஸ்கேனிங் சோனாரை இறக்குவதுதான் சரி.

கேள்வி (தருமபுரி): 400 கிலோஹெர்ட்ஸுக்குப் போகலாமா?

பதில்: நன்னீரில் மக்னீசியம் சல்பேட் கிட்டத்தட்ட இல்லாததால் ஒலி கடலைவிட மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும், அந்த வகையில் தடையில்லை. ஆனால் அலைநீளம் நாலில் ஒரு பங்காகும், டிரான்ஸ்டியூசர் இடத்தில் அனுமதிக்கும் 2 மி.மீ. பிழையும் அரை மி.மீ. ஆகிவிடும். 100லேயே இருங்கள்.