பிராய்லரும் பெருங்காயமும்: வாசகர் கேள்விகள்

கே: ஹார்மோன் ஊசி போட்டுத்தான் பிராய்லர் கோழியை 40 நாளில் வளர்க்கிறார்களாமே? பெண் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

ப: கொடுக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் குடலிலேயே செரித்துவிடும். ஊசி என்றால் 5,000 கோழிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். எந்தப் பண்ணைக்கும் அது கட்டுப்படியாகாது. 35 முதல் 42 நாளில் 2 கிலோ எடை வருவது, வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கியதாலும், மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தாலும்தான். பண்ணையில் நீங்கள் பார்ப்பது தடுப்பு மருந்து: வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, கம்போரோ என்ற இன்னொரு கோழி நோய்க்கு இரண்டாம் வாரத்தில் பெரும்பாலும் குடிநீரில். சிறுமிகள் சீக்கிரம் பூப்படைவதற்கு உடல் பருமனோடு தொடர்பு உண்டு. அந்தக் கவலை இருந்தால் பொரிக்கும் எண்ணெயைக் குறையுங்கள்.

கே: ஆன்டிபயாடிக் கொடுப்பதாவது நிஜம்தானே? வேகவைத்தால் போய்விடாதா?
– வாசகர், நாமக்கல்

ப: நிஜம், கவலைப்பட வேண்டியதும் இதற்குத்தான். நோய் வந்தால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசி மருந்துக்கும் கறிக்கு அனுப்புவதற்கும் நடுவே, அந்தந்த மருந்துக்கு விதித்த நாள்களை விட வேண்டும். விலை ஏறியிருக்கிறதே என்று கோழியை முன்கூட்டியே விற்பனைக்கு ஏற்றிவிட்டால் மருந்தின் மிச்சம் கறியிலும் ஈரலிலும் தங்கும். சில மருந்துகள் கொதிக்கவைத்தாலும் முழுதாக அழியாது. நோயே இல்லாமல், எடை கூடுவதற்காகக் கொடுப்பது இன்னும் மோசம். கோழியின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். மனிதர்களுக்கு வேறெதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் எடுக்கும் கொலிஸ்டின் மருந்தைப் பண்ணைகளில் பயன்படுத்த 2019 ஜூலையில் இந்தியா தடை விதித்தது இதனால்தான்.

அந்தக் கிருமி வெந்தால் செத்துவிடும். நம் வயிற்றுக்குள் அது வருவது பெரும்பாலும் குழம்பு வழியாக அல்ல, கறி வெட்டிய பலகையிலேயே நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி வழியாக. நாட்டுக்கோழியிலும் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி உண்டு.

கே: அப்படியானால் வீட்டில் எப்படிக் கையாள்வது?
– வாசகி, மதுரை

ப: குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரோடு கிருமியும் தொட்டி, மேடை, பக்கத்துப் பாத்திரம் எல்லாவற்றிலும் பரவும். மஞ்சள் போட்டு அலசாமல் மனம் ஒப்பவில்லை என்றால், பாத்திர நீருக்குள்ளேயே மெதுவாக அலசி, நீரைத் தெறிக்காமல் ஊற்றிவிட்டுத் தொட்டியைச் சோப்பு போட்டுத் தேயுங்கள். கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. மசாலா தடவி ஊறவைப்பது ஃப்ரிட்ஜுக்குள், கீழ்த்தட்டில். உறைந்த கறியை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மேடையில் வைத்தால் நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் கிருமி வளரும் சூட்டுக்கு வந்துவிடும்.

குழம்பு, பிரியாணியில் வேகாமல் போவது அரிது. சிக்கன் 65தான் ஏமாற்றும்: எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே சிவந்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். எலும்போரம் சிவப்பாகத் தெரிவதை மட்டும் வைத்து வேகவில்லை என்று சொல்ல முடியாது. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜை கசிந்தாலும் அப்படித்தான் தெரியும்.

மீந்த குழம்பை அண்டாவோடு விடாமல் அகலப் பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அண்டாவின் நடுவே சூடு மெல்லத்தான் இறங்கும். சமையலில் சாகாத கிருமி வித்துக்கள் அந்த வெதுவெதுப்பில் முளைக்கும்.

கே: வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களில் எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், சென்னை

ப: இறக்குமதியாளரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் மூன்றும் பொட்டலத்தில் இருக்க வேண்டும். காலாவதித் தேதியை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

இறக்குமதி என்று நினைக்காமலே நாம் தினமும் சேர்ப்பது பெருங்காயம். பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வருகிறது. இங்கே மைதாவோ கோந்தோ கலந்து கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். சட்டப்படி அது கலப்படம் அல்ல, சேர்மானத்தை எழுதியிருந்தால் போதும். கோதுமை ஒவ்வாதவர்கள் இருக்கும் வீட்டில் அந்த வரியைப் படிக்காமல் வாங்கக் கூடாது. சுத்தப் பிசின் கற்பூரம்போல் எரியும் என்று சொல்லும் சோதனையைக் கூட்டுப் பெருங்காயத்தில் செய்து பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மாவு கலந்தது அப்படி எரியாது.