பள்ளியில் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொன்னால் அமெரிக்காவில் ஏன் வழக்கு?

அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தப்படி, அரசு எந்த மதத்தையும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது. யாருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது. அரசுப் பள்ளியும் அரசுதான். அங்கே இருப்பதோ ஆசிரியர் சொன்னால் அப்படியே நம்பும் வயதுப் பிள்ளைகள். அதனால்தான் நியூயார்க் மாநில அதிகாரிகள் எழுதிக்கொடுத்த பிரார்த்தனையை 1962-லும், வகுப்பறைதோறும் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொன்ன கென்டக்கி மாநிலச் சட்டத்தை 1980-லும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கபடி நடுவரே ஓர் அணியின் பனியனைப் போட்டுக்கொண்டு விசில் ஊதினால் எதிரணி நம்புமா?

ஆனாலும் வாக்காளர்களின் பக்தி சட்டமன்றங்களுக்குத் தெரியுமே! 2024-இல் லூசியானா மாநிலம், கென்டக்கியின் சட்டத்தைப் போலவே கிட்டத்தட்ட ஒன்றை மறுபடி இயற்றியது.

பலர் நினைப்பதுபோல் பள்ளியில் சாமி கும்பிடவே தடை என்பதெல்லாம் இல்லை: மாணவர் தானாகப் பிரார்த்திக்கலாம், பைபிளும் படிக்கலாம், பள்ளி முன்னின்று நடத்தத்தான் கூடாது.