வாய்க்கால் கரையில் நடக்கலாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

நானும் என் வீட்டுக்காரரும் சென்னையில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்று, போன வருஷம் பெருமாள்புரத்துக்கே திரும்பிவிட்டோம். தினமும் காலையில் ஸ்டேடியத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சலித்துவிட்டது. அவருக்கு முழங்கால் தேய்மானம். டாக்டர் நடக்கச் சொல்கிறார், ஆனால் ஏற்ற இறக்கம் ஆகாது என்கிறார். நெல்லைப் பக்கம் எங்கே நடக்கலாம் என்று இணையத்தில் தேடினால் அகஸ்தியர் அருவி, மாஞ்சோலை, குற்றாலம் என்று மலையாகவே வருகிறது. என் தங்கை மகள் லண்டனுக்குப் பக்கத்தில் ரிச்மண்டில் இருக்கிறாள். தேம்ஸ் கரையோரமாகவே மணிக்கணக்கில் நடந்து போட்டோ அனுப்புகிறாள். தாமிரபரணி மாதிரி இவ்வளவு பெரிய ஆற்றை வைத்துக்கொண்டு நமக்கு அப்படி ஒரு வழி கிடையாதா? பாலத்தில் நின்று பார்ப்பதோடு சரியா? இருந்தால் சொல்லுங்கள். நாய்த்தொல்லை உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், எனக்கு அதுதான் பயம்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள டீச்சர்,

வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. ஆற்றங்கரையை விட்டுவிட்டு வாய்க்கால் கரைக்கு வாருங்கள்.

உங்கள் தங்கை மகள் நடக்கிற பாதை நடைப்பயிற்சிக்காகப் போட்டது அல்ல. அந்தக் காலத்தில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் குதிரைகள் கரையிலிருந்து இழுத்துப் போயின. அந்தக் குதிரைத் தடம்தான் பெரும்பாலும் மிச்சமிருந்தது. அதை ஒட்டவைத்து, விட்டுப்போன இடங்களைச் சேர்த்து, 1996-இல் தேசிய நடைபாதையாகத் திறந்தார்கள். 180 மைலுக்கு மேல் போகிறது. நம் ஆற்றில் யார் படகு இழுத்தார்கள்? தாமிரபரணி மொத்தமே 130 கிலோமீட்டருக்குள் கடலுக்குப் போய்விடுகிற ஆறு, அதற்குள் குறுக்கே எட்டு அணைக்கட்டு. மழைக்காலத்தில் கரையைப் பிய்த்துக்கொண்டு போகும், கோடையில் பாறைக்கும் மணலுக்கும் நடுவே ஒதுங்கி ஓடும். கரை என்று நாம் சொல்வது பாதி இடத்தில் வாழைத்தோட்டம், பாதி இடத்தில் உடைமரம், நடுநடுவே சுடுகாடு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஏற்கெனவே இருந்த ஒற்றையடித் தடங்களும் பல இடங்களில் காணாமல் போயின. ஆக, ஆற்றை ஒட்டியே விடாமல் நடக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். படித்துறைக்குப் படித்துறை போய் உட்கார்ந்து வரலாம், அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊரில் ஆற்றின் வேலை பாசனம் அல்லவா? அந்த வேலைக்காக மனிதன் நடந்த பாதை இருக்கிறது. எட்டு அணைக்கட்டில் கோடைமேலழகியானிலிருந்து மருதூர் வரை ஏழு பழையவை, கடைசியாக ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. இந்த அணைகளிலிருந்து பிரிகிற கால்கள், அதாவது பாசன வாய்க்கால்கள்தான் ஊர் ஊராகப் போகின்றன: கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால்வாய் என்று. தண்ணீர் தானாகவே ஓட வேண்டும், மோட்டார் கிடையாது, அதனால் கண்ணுக்கே தெரியாத சரிவில் நிலத்தின் வளைவுக்கெல்லாம் வளைந்து கொடுத்து வெட்டியிருக்கிறார்கள். மேடு வந்தால் சுற்றிப் போகும், பள்ளம் வந்தால் கரையை உயர்த்தியிருப்பார்கள். அதன் கரைமேல் நடக்கிறவனுக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. சார்வாளின் முழங்காலுக்கு இதைவிடத் தோதான தரை திருநெல்வேலிச் சீமையில் எனக்குத் தெரிந்து இல்லை.

உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பாளையங்கால். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வருவது. ஆனால் பாளையங்கோட்டைக்குள்ளும் மேலப்பாளையத்துக்குள்ளும் அதன் கரையில் நடக்கச் சொல்ல மாட்டேன், அங்கே அது வாய்க்கால் பாதி, சாக்கடை பாதி. ஆகாயத்தாமரை ஒரு பக்கம், பிளாஸ்டிக் பை ஒரு பக்கம், மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன நடை? திருநெல்வேலி டவுனுக்குள் நெல்லைக் கால்வாய்க்கும் இதே கதிதான். ஊருக்கு மேற்கே போய்விடுங்கள். சேரன்மகாதேவி போகிற பேருந்தில் ஏறி முன்னீர்பள்ளம் பக்கம் இறங்கிக்கொண்டால் சாக்கடைக் கதை முடிந்துவிடும், வயல் தொடங்கிவிடும்.

கரையில் எந்தப் பக்கம் நடப்பது என்று கேட்பீர்கள். கால் போகிற போக்கில் ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் வயல். வயல் பக்கக் கரையில்தான் நடக்க வேண்டும், அதுதான் தண்ணீரைத் தாங்குகிற கரை, அகலமாகவும் கெட்டியாகவும் இருக்கும், டிராக்டரும் டிவிஎஸ் வண்டியும் போய்ப் போய்த் தடம் இறுகியிருக்கும். காலையில் போனால் மேற்கே பார்த்து நடங்கள். வெயில் முதுகில் அடிக்கும், எதிரே பொதிகை மலை முழுசாக வெளிச்சம் வாங்கி நிற்கும், மலையும் பார்த்த மாதிரி ஆச்சு, ஏறாமலே. திரும்பி வர வேண்டியதே இல்லை, அடுத்த ஊரில் ரோட்டுக்கு வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறிவிடலாம். போன வழியிலேயே திரும்பி நடப்பது ஸ்டேடியத்தைச் சுற்றுவதற்கு அண்ணன்தான்.

ஒரு மடை வந்தால் அவசரப்படாமல் நில்லுங்கள். ஷட்டர் என்பது ஒரு இரும்புப் பலகையும் திருகு கம்பியும்தான். அதற்குக் கீழே தண்ணீர் வயல் வாய்க்காலுக்குள் விழுகிற இடத்தில் ஒரு சிறு குழி பறிந்திருக்கும், அந்த நுரைக்குள் விரல் நீளக் கெண்டைகள் எதிர்த்து ஏறப் பார்த்து விழுந்து மறுபடி ஏறும். திருகு கம்பியின் உச்சியில் பெரும்பாலும் ஒரு மீன்கொத்தி இருக்கும். நீங்கள் நிற்பது அதற்குப் பிடிக்காது, கிரீச்சென்று கத்திவிட்டு அடுத்த மடைக்குப் போய் உட்காரும், நீங்கள் அங்கே போனதும் அதற்கடுத்த மடைக்கு. தண்ணீர் பாய்ச்சுகிறவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். 'எங்க போறீய?' என்று கேட்பார். 'சும்மா நடக்கோம்' என்றால் நம்ப மாட்டார். சுகர் என்று சொல்லிவிடுங்கள், உடனே வழிவிட்டு மருந்தும் சொல்வார்.

எப்போது போவது என்பது எங்கே போவது என்பதைவிட முக்கியம். கால்களில் வருஷம் முழுக்கத் தண்ணீர் கிடையாது. பாபநாசம் அணையில் ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் திறப்பது வழக்கம், அணையில் தண்ணீர் இருந்தால். அப்போது ஆனி ஆடிக் காற்றும் சேர்ந்துகொள்ளும். குற்றாலத்தில் சாரல் என்றால் நம் பக்கம் மழை இல்லாமல் அந்தக் குளிர்ந்த காற்று மட்டும் வரும், பத்து மணி வரைகூட நடக்கலாம். அப்புறம் பிசானம், அதாவது அடுத்த போக நெல். மார்கழி, தையில் நெற்பயிர் பச்சையாக நிற்கும்போது காலைப் பனியோடு பார்க்க வேண்டும். மாசி பங்குனியில் அறுப்பு மிஷின், வைக்கோல் கட்டு, அறுத்த வயலில் மேய்ச்சல் வாத்துகள் ஆயிரக்கணக்கில். சித்திரை வைகாசியில் போகாதீர்கள். கால் வறண்டு, வருஷம் முழுக்க வந்த குப்பையைக் காட்டிக்கொண்டு கிடக்கும், வெயிலும் கொல்லும்.

ரயில் பிடிக்கும் என்றால் இன்னொன்று சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த நடை இதுதான். பாளையங்கோட்டை ஸ்டேஷனில் திருச்செந்தூர் பாசஞ்சர் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குங்கள். ஸ்டேஷன் இருப்பது ஆற்றுக்குத் தெற்கே புதுக்குடியில், ஊர் இருப்பது வடகரையில். 2023 வெள்ளத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு மாட்டிக்கொண்டு நின்றதே, அதே ஸ்டேஷன்தான். ஊருக்குப் போக ஆற்றைக் கடந்தாக வேண்டும், அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டே கடக்கலாம். ஸ்ரீவைகுண்டம் கோயிலைப் பார்த்துவிட்டு அங்கிருந்து கிழக்கே நத்தம், இரண்டு கிலோமீட்டருக்குள்தான். அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் திருப்புளிங்குடி. மூன்றுமே நவ திருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களில் சேர்ந்தவை, நடுவில் முழுக்க நெல்லும் வாழையும், தரை தாம்பாளம் மாதிரி. திருப்புளிங்குடியில் பெருமாள் பள்ளிகொண்ட கோலம், உருவம் பெரிசு. உள்ளே நின்றால் திருமுகம் தெரியும், பாதம் தெரியாது. பிரகாரம் சுற்றி வரும்போது சுவரில் ஒரு ஜன்னல் இருக்கும், அதற்குள் எட்டிப் பார்த்தால் பாதம். வெளிவெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் பார்ப்பதால் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும், பொறுமையாக நில்லுங்கள்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் நவ திருப்பதிக்கும் மார்கழி ஞாயிறுகளில் நவ கைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்களுக்கும் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். ஒரே நாளில் ஒன்பது கோயில், இறங்கு, கும்பிடு, ஏறு. புண்ணியம் கிடைக்கலாம். ஆனால் இந்தக் கோயில்கள் எல்லாம் ஏன் ஆற்றையும் வயலையும் ஒட்டி வரிசையாக நிற்கின்றன என்பது பேருந்து ஜன்னலுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு கோயில் போதும் என்பது என் கட்சி.

பறவை பார்க்க விருப்பம் இருந்தால் திருப்புடைமருதூர். முக்கூடல் பக்கம் இருந்தும் போகலாம், வீரவநல்லூர் வழியாகவும் போகலாம். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேர்கிற இடம். கரையில் பழைய மருத மரங்கள், அதில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். 2005-இல் அதைப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக ('கன்சர்வேஷன் ரிசர்வ்') அறிவித்தார்கள், அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. அங்கே நீண்ட நடை கிடையாது, ஆனால் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நிலை நிலையாகச் சுவர் ஓவியங்கள் இருக்கின்றன. ஏணிப்படி ஏற வேண்டும் என்பதால் சார்வாளைக் கீழே மருத மரத்து நிழலில் உட்காரவைத்துவிட்டு, மேலே விடுகிறார்களா என்று கேட்டு நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள்.

டவுனுக்குள்ளேயே வேண்டும் என்கிற நாளில் குறுக்குத்துறை. அங்கே முருகன் கோயிலே ஆற்றுக்குள் நிற்கிறது. வெள்ளம் வரும் என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப்போய்விடுவார்கள், வடிந்ததும் கழுவிவிட்டுப் பழையபடி பூசை. போகிற வழி நிழலான வழி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம்.

சில எச்சரிக்கைகள். ஆற்றில் கால் நனைக்க ஆசைப்பட்டால் ஆட்கள் குளித்துக்கொண்டிருக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள். வேறு இடங்களில் மணல் அள்ளிய பழைய குழிகள் தண்ணீருக்கடியில் கிடக்கும், முழங்கால் ஆழம் என்று நினைத்த இடம் அடுத்த எட்டில் தலைக்கு மேல். அணையில் திறந்துவிட்டால் தண்ணீர் ஏறுவதும் சட்டென்று நடக்கும். கால் கரையில் புல் மண்டிய இடத்தில் கண்ணைத் தரையில் வையுங்கள், அறுப்புச் சமயத்தில் விரியன் வெளியே வரும். ரப்பர் செருப்பு வேண்டாம், மழை பெய்த கரிசல் கரையில் அது காலை விட்டுப் போய்விடும், வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தபின் கொசு.

நாய் விஷயம். கால் கரையில் நடுவழியில் நாய் இருக்காது, ஊர் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும்தான் இருக்கும், பெரும்பாலும் கறிக்கடைப் பக்கம். கம்பு கொண்டு போகாதீர்கள், கம்பைப் பார்த்தால்தான் அதற்குக் கோபம் வரும். குடை கொண்டு போங்கள். நாய் குரைத்துக்கொண்டு கிட்டே வந்தால் அதன் முன்னால் பட்டென்று விரியுங்கள், பின்வாங்கிவிடும். எட்டரைக்கு மேல் வெயிலுக்கும் அதுவே ஆகும்.