வக்கீல் சொல்லிப் பதிந்த ஆடியோக்களையும் கேஸ் கட்டுகளையும் எப்படி ஒழுங்காக வைப்பது?

சேலம் அஸ்தம்பட்டியில் வக்கீல் அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட்டாக இருக்கிறேன். முதலில் ஆடியோவுக்கு ஃபோன் தானாக வைத்த பெயரை மாற்றுங்கள். ஆண்டு, மாதம், நாள், அப்புறம் வழக்கு எண்: '2024-07-09 அ.வ. 112-2023' (அ.வ. என்றால் அசல் வழக்கு). ஆண்டு முன்னால் இருந்தால் கணினியே தேதி வரிசையில் அடுக்கிவிடும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 9-ஆம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும். வழக்கு எண்ணில் வரும் சாய்கோட்டை (/) ஃபைல் பெயரில் விண்டோஸ் ஏற்காது, சிறுகோடு போடுங்கள். அதே தேதியைக் கட்டின் மேலட்டையில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

கையெழுத்தாகும் வரை ஆடியோவை அழிக்கவே கூடாது. ஏற்காட்டு நிலப் பத்திரம் ஒன்றில் சர்வே எண்ணை 'அறுபது' என்று அடித்திருந்தேன். சரிபார்க்கும்போது சந்தேகம் வந்து மறுபடி கேட்டேன். வக்கீல் 'எழுபது' என்றுதான் சொல்லியிருந்தார். அந்த ஒரு எண் தப்பினால் நிலமே வேறு.