தகடே விளக்கு: ஓஎல்இடி கேள்வி பதில்

கேள்வி: சார், ஓஎல்இடி என்றால் டிவிதானே? அதில் விளக்கு எங்கே வந்தது?

டிவியில் லட்சக்கணக்கான புள்ளிகள் தனித்தனியாக எரியும். விளக்கில் ஒரே பெரிய புள்ளி, அவ்வளவுதான். கண்ணாடித் தகட்டின் மேல் கரிமச் சேர்மங்களை, அதாவது கார்பன் உள்ள வேதிப்பொருள்களை, அடுக்கடுக்காகப் படிய வைக்கிறார்கள். ஓஎல்இடியில் 'ஓ' என்பது இந்த 'ஆர்கானிக்'தான். எல்லாம் சேர்ந்து சில நூறு நானோமீட்டர். தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மின்சாரம் பாய்ந்தால் தகடே ஒளிரும். 1987இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 10 வோல்ட்டுக்குள் இதை எரியவைத்தார்கள். அது பச்சை. வெள்ளை ஒளி ஜப்பானில் ஆய்வாளர் ஜுன்ஜி கிடோவின் கையில் 1990களின் நடுவில்தான் வசப்பட்டது.

கேள்வி: ஹாலில் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டலாமா அண்ணா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. சதுரப் பேனல் (ஒளிரும் தகடு), சதுர மீட்டருக்கு 3000 கேண்டெலா பிரகாசம். இதிலிருந்து வரும் மொத்த வெளிச்சம் சுமார் 94 லுமென். 20 வாட் எல்இடி டியூப்லைட் 2000 லுமென் தரும். அதற்கு ஈடாக இருபதுக்கும் மேல் பேனல் வேண்டும்! பிரகாசத்தைக் கூட்டலாமே என்பீர்கள். கூட்டினால் ஆயுள் குறையும். மாட்டாதீர்கள்.

கேள்வி: கரண்டாவது மிச்சமாகுமா?

ஆகாது. உள்ளே பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி கண்ணாடிக்குள்ளேயே முட்டி மோதித் திரும்பிவிடும். தனி ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் வெளியே வருவது ஐந்தில் ஒரு பங்குதான்.

கேள்வி: உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மேஜை விளக்கில் கரும்புள்ளிகள் வருகின்றன. துடைத்தாலும் போகவில்லை.

போகாது, அழுக்கு இல்லை அது. ஈரம் உள்ளே போய்விட்டது. ஓரத்து ஒட்டில் ஊசி நுழையாத விரிசல் இருந்தாலும் போதும், ஈரமும் ஆக்சிஜனும் புகுந்து மின்முனையை அரித்துவிடும். என் மேஜை டிராயரிலும் அப்படி ஒரு பேனல் கிடக்கிறது. முதலில் மூலையில் கடுகளவு ஒரு புள்ளி. அப்புறம் மழைக்காலத்துச் சுவரில் பூஞ்சை படர்வதுபோல நடுவரை வந்துவிட்டது. மீதி இடம் இன்றும் அழகாக எரிகிறது. சரிசெய்ய வழியில்லை.

கேள்வி: அப்படியானால் இது தோற்றுப்போன தொழில்நுட்பமா?

வீட்டு விளக்காகப் பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான். பிலிப்ஸ் தன் ஓஎல்இடி விளக்குப் பிரிவை 2015இல் ஓஎல்இடிவொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. ஆனால் காரின் பின்விளக்கில் கதையே வேறு. ஊரை வெளிச்சமாக்குவது அதன் வேலை இல்லை. பின்னால் வருபவர் கண்ணில் சீராகத் தெரிந்தால் போதும். ஓஎல்இடியில் சீக்கிரம் தேய்வது நீல ஒளி தரும் சேர்மம். சிவப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. 2016 வாக்கில் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ், ஆடி டிடி ஆர்எஸ் கார்களில் வந்தது. பிறகு வந்த ஆடி க்யூ5இல் பேனலையே பல துண்டுகளாகப் பிரித்துவிட்டார்கள். நிற்கும் காருக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்குள் வண்டி நெருங்கினால் எல்லாத் துண்டும் சேர்ந்து எரியும். எனக்குப் பிடித்த பயன்பாடு இதுதான்.

கேள்வி: எங்கள் தெருக் கடையில் "ஓஎல்இடி பல்பு" 150 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

அது எல்இடி பல்பு. வாங்குங்கள், நன்றாகவே எரியும்.