ஆப் ஆனில் இருந்தது, ஆள் ஏறவில்லை: ரைடுஷேர் ஓட்டுநர்களின் காப்பீட்டுக் கேள்விகள்

அமெரிக்காவில் ஊபர், லிஃப்ட் ஓட்டும் நம்மவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். வாகன விபத்து கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: அக்கா, என் காருக்கு ஃபுல் கவரேஜ் எடுத்திருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும்தான் ஊபர் ஓட்டுகிறேன். இது போதாதா?

போதாது தம்பி. ஃபுல் கவரேஜ் என்று ஏஜென்ட் சொல்வது உங்கள் சொந்த ஓட்டத்துக்கு. தனிநபர் பாலிசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். கூலிக்கு ஆள் ஏற்றும்போது நடக்கும் விபத்துக்குப் பணம் தர மாட்டோம் என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இரண்டு நாள் ஓட்டுகிறீர்களா, ஏழு நாளும் ஓட்டுகிறீர்களா என்பதை அந்த வரி பார்ப்பதில்லை. இன்று இரவே பாலிசியைத் திறந்து அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: ஆனால் ஊபர், லிஃப்ட் கம்பெனியே 10 லட்சம் டாலருக்கு இன்ஷூரன்ஸ் வைத்திருப்பதாகச் சொல்கிறார்களே. அப்புறம் நமக்கு என்ன கவலை?

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மற்ற எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது.

ஆப் அணைந்திருந்தால் உங்கள் சொந்த பாலிசி. ஆப்பை ஆன் செய்து ரைடுக்காகக் காத்திருந்தால் அது முதல் கட்டம். ரைடை ஏற்றுக்கொண்டு பயணியை ஏற்றப் போவது இரண்டாம் கட்டம். பயணி ஏறியதில் இருந்து இறங்கும் வரை மூன்றாம் கட்டம். நீங்கள் சொல்லும் அந்த 10 லட்சம் பெரும்பாலான மாநிலங்களில் இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு மட்டும்தான். அதுவும் நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான லயபிலிட்டி. உங்கள் கார் நசுங்கினால் எடுத்துத் தரும் பணம் அல்ல.

முதல் கட்டத்தில் நிலைமையே வேறு. பல மாநிலங்களில் காயம்பட்ட ஒருவருக்கு 50,000, ஒரு விபத்துக்கு மொத்தம் 1,00,000, பிறர் சொத்துக்கு 25,000 டாலர் என்ற அளவில்தான் கம்பெனியின் பொறுப்பு. உங்கள் காருக்கு ஒன்றும் இல்லை. சொந்த பாலிசிக்காரரும் “ஆப் ஆனில் இருந்ததே” என்று விலகிக்கொள்வார். இந்த ஓட்டையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சட்டம்கூடச் சும்மா வரவில்லை. 2013 டிசம்பர் 31 இரவு, சான் பிரான்சிஸ்கோவில் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மீது ஊபர் ஓட்டுநர் ஒருவரின் கார் மோதியது. ஆறு வயதுச் சிறுமி இறந்துபோனாள். காரில் பயணி இல்லை, அதனால் அந்த நேரத்தில் அவர் தங்கள் சேவையில் இல்லை என்றது நிறுவனம். அவர் ஆப்பை ஆன் செய்து அடுத்த ரைடுக்காகக் காத்திருந்தார் என்பதுதான் வழக்கே. கலிஃபோர்னியா 2014இல் சட்டம் இயற்றி, 2015 ஜூலை 1 முதல் காத்திருக்கும் நேரத்துக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்தக் குழந்தையை நினைக்காமல் என்னால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடிவதில்லை.

கேள்வி: அந்த ஓட்டையை அடைக்க என்ன வழி?

ரைடுஷேர் எண்டார்ஸ்மென்ட். உங்கள் சொந்த பாலிசியோடு சேர்க்கும் ஓர் இணைப்பு இது. ஏஜென்டிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். தனியாக கமர்ஷியல் பாலிசி எடுப்பதைவிடப் பொதுவாகச் செலவு குறைவு. எல்லா இன்ஷூரன்ஸ் நிறுவனமும் தருவதில்லை, எல்லா மாநிலத்திலும் கிடைப்பதில்லை. உங்கள் நிறுவனம் தராவிட்டால் தருகிற நிறுவனத்துக்கு மாறிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

கேட்கும்போது இரண்டை மறக்காதீர்கள். முதல் கட்டத்தில் என் காரின் சேதத்துக்கும் பணம் வருமா? கம்பெனியின் டிடக்டிபிளுக்கும் (கிளெய்மில் முதலில் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை) என்னுடையதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவீர்களா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: பயணியோடு போகும்போது பின்னாலிருந்து இடித்து ஓடிவிட்டான். கார் சரிசெய்ய 2,500 டாலர் நீயே போடு என்கிறது கம்பெனி. இது நியாயமா அக்கா?

நியாயமா என்றால் எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் விதி அப்படித்தான். ஓட்டுநரின் காருக்குக் கம்பெனி தரும் கவரேஜில் டிடக்டிபிள் பொதுவாக 2,500 டாலர். நம் சொந்த பாலிசியில் 500, 1,000 என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய அடி. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் சொந்த பாலிசியில் கொலிஷன் (மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதம்), காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, தீ போன்ற மற்ற சேதம்) இரண்டும் இருந்தால்தான் கம்பெனி உங்கள் காருக்குத் தரும். பிரீமியத்தைக் குறைக்க லயபிலிட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, பயணி பின்சீட்டில் இருந்தால்கூட, காருக்கு ஒரு காசும் வராது. கார் லோனில் இருந்தால் கார் போன பிறகும் தவணை போகாது.

கேள்வி: ஊபர் ஓட்டுவதை இன்ஷூரன்ஸ்காரரிடம் சொன்னால் பாலிசியை ரத்து செய்துவிடுவார்களாமே. சொல்லாமலே இருந்துவிட்டால்?

சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. சொன்னால் சிலர் புதுப்பிக்க மறுக்கலாம், உண்மைதான். அப்போது வேறு இடம் தேட உங்களுக்கு நாள் இருக்கும். மறைத்து, விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் கிளெய்ம் மறுப்பு, பாலிசி ரத்து இரண்டும் சேர்ந்து வரும். அந்த ரத்து அடுத்த விண்ணப்பத்திலும் உங்களோடு வரும்.

தெரியாமல் போகும் என்றும் நினைக்காதீர்கள். நான் பார்த்த ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார் ஓட்டுநர். விபத்துப் புகைப்படத்தில் டேஷ்போர்டு ஸ்டாண்டில் அவருடைய போன். திரையில் வரைபடம், கீழே “ரைடுகளைத் தேடுகிறோம்” என்ற வரி. படத்தை எடுத்ததும் அவரே, அனுப்பியதும் அவரே. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர், பயந்துபோனவர். கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஆனால் எழுத்தில் கொடுத்ததை மாற்ற எனக்கு வழியில்லை. எண்டார்ஸ்மென்ட் மட்டும் இருந்திருந்தால் உண்மையை எழுதிப் பணத்தையும் வாங்கியிருப்பார்.

கேள்வி: இரண்டு ஆப்பையும் ஒரே நேரத்தில் ஆன் செய்து ஓட்டலாமா?

பலரும் செய்கிறார்கள். ஒன்றில் ரைடு எடுத்ததும் மற்றதை உடனே ஆஃப் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் யார் பொறுப்பு என்று இரண்டு கம்பெனியும் ஒன்றையொன்று கை காட்டும்.

கேள்வி: ரைடு இல்லாத நேரத்தில் சாப்பாடு டெலிவரியும் செய்கிறேன். அதே எண்டார்ஸ்மென்ட் போதுமா?

பெரும்பாலும் போதாது. ஆள் ஏற்றுவதும் பொருள் கொண்டு போவதும் காப்பீட்டில் வேறு வேறு. டெலிவரியும் சேருமா என்று தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: தெரிந்த பயணி ஒருவர் ஆப்பில் வேண்டாம், நேரடியாகப் பணம் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். ஆப்பில் பதிவாகாத ரைடுக்குக் கம்பெனியின் காப்பீடு கிடையாது. கூலி வாங்கியதால் உங்கள் பாலிசியும் கிடையாது. அவர் காயம்பட்டால் உங்கள் வீடு, சேமிப்பு எல்லாம் வழக்கில் சிக்கும்.

கேள்வி: எனக்கே அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன்.

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி, அதிகம் பேர் கேட்பதில்லை. லயபிலிட்டி என்பது எதிராளிக்கு. பெரும்பாலான இடங்களில் ரைடுஷேர் ஓட்டுநர் ஊழியராகக் கருதப்படுவதில்லை, அதனால் வேலையில் அடிபட்டால் கிடைக்கும் வழக்கமான இழப்பீடும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2020இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய ப்ராப் 22, குறைந்தது 10 லட்சம் டாலர் மருத்துவச் செலவுக்கான விபத்துக் காப்பீட்டைக் கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலத்தில் இருந்தால் உங்கள் பாலிசியில் தவறு யாருடையதானாலும் உங்கள் மருத்துவச் செலவுக்குத் தரும் மெட்பே அல்லது பிஐபி இருக்கிறதா, ஆப் ஆனில் இருக்கும்போதும் அது செல்லுமா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாதவன் இடித்தால் கைகொடுக்கும் யுஎம் கவரேஜையும் குறைத்து வைக்காதீர்கள். உடல்நலக் காப்பீட்டை மட்டும் எந்த மாதமும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நியூயார்க் நகரத்திலும் இதே விதிதானா?

இல்லை. அங்கே நகரத்தின் டாக்சி ஆணையமான டிஎல்சியின் உரிமமும், வாடகை வண்டிக்கான கமர்ஷியல் காப்பீடும் வேண்டும். மேலே சொன்ன எண்டார்ஸ்மென்ட் அங்கே ஓட்டப் பயன்படாது.

கேள்வி: விபத்து நடந்த உடனே முதலில் என்ன செய்ய வேண்டும்?

அடிபட்டவர்களைப் பாருங்கள், 911 அழையுங்கள். அப்புறம் ஆப்பை மூடும் முன் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நேரம் தெரியும்படி. எந்தக் கட்டத்தில் இருந்தீர்கள் என்பது சில நேரம் ஒரே நிமிட வித்தியாசத்தில் தீர்மானமாகும். கம்பெனியின் சர்வரிலும் பதிவு இருக்கும், ஆனால் உங்கள் கையில் ஒரு நகல் இருப்பது நல்லது. போலீஸ் அறிக்கையில் எழுதும் நேரம் சரியா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். டேஷ்கேம் இருந்தால் அந்தக் காட்சியை அன்றைக்கே எடுத்து வையுங்கள், அடுத்தடுத்த ஓட்டத்தில் அழிந்துவிடும். பிறகு ஆப் வழியாகக் கம்பெனிக்கும், உங்கள் சொந்த இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும், இரண்டு இடத்திலும் தெரிவியுங்கள்.